ரிவால்வரில் கரி படிகிறதா? மருந்தைக் குறை சொல்வதற்கு முன்னால்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். முதல் கேள்வி டெக்சாஸில் இருக்கும் மகனுக்காக. மகனிடம் .38 ஸ்பெஷல் ரிவால்வர் இருக்கிறது. அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே தோட்டாவுக்கு வெடிமருந்து போட்டுக்கொள்ளலாம் என்பதால், கை அதிரக்கூடாது என்று மருந்தைக் குறைத்துப் போட்டு, ஈயக் குண்டு வைத்துச் சுடுகிறார். ஐம்பது ரவுண்டு போவதற்குள் கேஸெல்லாம், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடெல்லாம், கறுத்து, தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டர் சுற்ற மறுக்கிறது. சுத்தமாக எரியும் மருந்து எது? இரண்டாவது, இங்கே அவர் வீட்டில் அப்பா காலத்து .32 ரிவால்வர், லைசென்ஸோடு இருக்கிறது. காலி கேஸைக் கொடுங்கள், மருந்து போட்டுத் தருகிறேன் என்று ஒரு தரகர் சொல்கிறாராம். கொடுக்கலாமா?

இரண்டாவதுக்குப் பதில் ஒரே வார்த்தை: கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில் மகன் விஷயம்.

சார், அந்தக் கரிக்குக் காரணம் பெரும்பாலும் மருந்தின் தரம் இல்லை, அழுத்தம் போதாததுதான். இப்போது தோட்டாவில் போடும் புகையில்லா மருந்து அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏறத்தான் வேகமாகவும் முழுசாகவும் எரியும். அழுத்தம் போதாவிட்டால் பாதி எரிந்த துணுக்கு அப்படியே மிச்சமாகும். இன்னொன்றும் நடக்கும். சுடும்போது பித்தளைக் கேஸ் உப்பி, சிலிண்டர் துளையின் சுவரோடு ஒட்டி, புகை பின்னால் வராமல் அடைக்க வேண்டும். அழுத்தம் குறைவென்றால் கேஸ் உப்பாது, புகை கேஸுக்கு வெளியே வழிந்து வரும். உங்கள் மகன் எடுத்துப் பார்க்கும் கேஸில் ஒரு பக்கம் மட்டும் நீளமாகக் கறுத்திருந்தால் காரணம் இதுதான். .38 ஸ்பெஷலின் அதிகபட்ச அழுத்தமே 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு), வலுவான .357 மேக்னம் தோட்டாவுக்கு 35,000. ஏற்கெனவே சாதுவான தோட்டா, அதிலும் குறைத்தால் மருந்து எப்படி முழுசாக எரியும்?

ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கரியை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிசுபிசுவென்று, கறுப்பு மெழுகு மாதிரி ஒட்டினால் அது மருந்தே இல்லை, ஈயக் குண்டின் பள்ளத்தில் தடவியிருக்கும் மெழுகும் கிரீஸும் எரிந்த புகை. மருந்தை எத்தனை தடவை மாற்றினாலும் அது போகாது, வண்ணப் பூச்சுப் பூசிய குண்டோ செம்பு முலாம் போட்ட குண்டோ வாங்கினால்தான் போகும். மஞ்சளும் பழுப்புமாகச் சின்னச் சின்னத் துணுக்கு நறநறவென்று விரலில் உருண்டால் அது எரியாத மருந்து. சிலிண்டர் சுற்ற மறுப்பதும் பல நேரம் இந்தத் துணுக்கு, காலி கேஸை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்காருவதால்தான். ஒரு துணுக்கு போதும், நட்சத்திரம் மயிரிழை தூக்கிக்கொண்டு சிலிண்டர் பின்பக்கம் உரசும். கேஸைத் தள்ளும்போது குழலை வானத்தைப் பார்த்துப் பிடித்து ஒரே தட்டாகத் தட்டினால் துணுக்கும் சேர்ந்து கீழே விழும். குழலைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். பழைய டூத் பிரஷ் ஒன்றால் நட்சத்திரத்துக்கு அடியில் இரண்டு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது.

சரி, மருந்துதான் என்றால் விதி எளிது: தோட்டா எவ்வளவு சாதுவோ மருந்து அவ்வளவு வேகமாக எரிவதாக இருக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேலாக விற்கும் புல்ஸ்ஐ வேகமானது, இந்த வேலைக்கே பேர்போனது, ஆனால் கொஞ்சம் புகையும். டைட்குரூப் சுத்தமாக எரியும், அகலமான கேஸுக்குள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தாலும் பெரிய வித்தியாசம் காட்டாது. வின்செஸ்டர் 231-ம் ஹாட்ஜ்டன் எச்பி-38-ம் பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. எது விலை குறைவோ அதை வாங்கினால் போதும். பின்லாந்தின் வீட்டாவூரி என்320 அருமை, விலைதான் கடிக்கும். யூனிக் என்ற பழைய மருந்து நல்ல மருந்துதான், ஆனால் நடுத்தர அழுத்தம் கேட்கும். குறைத்துப் போட்டால் அழுக்குதான் மிஞ்சும். மகன் அதைத்தான் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். குண்டு இருக்கும் இடத்தில் கேஸ் வாயை நன்றாக மடித்துப் பிடிக்க வைத்தாலும் அழுத்தம் கொஞ்சம் ஏறி எரிப்பு திருந்தும்.

இங்கே ஒன்றை மட்டும் விலாவாரியாகச் சொல்லியாக வேண்டும். .38 ஸ்பெஷல் கேஸ் கரிமருந்துக் காலத்து அளவு, உள்ளே இடம் ஏராளம். இப்போதைய வேகமான மருந்து அதில் அடியில் ஒரு சிட்டிகைதான் கிடக்கும். அங்கே மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராம், நம் கணக்கில் அரைக் குன்றிமணி. இதில் ஒரு தடவை கவனம் சிதறி இரண்டு முறை விழுந்தாலும் கேஸ் வழியாது, கண்ணுக்குத் தெரியாது, சுட்டால் சிலிண்டரே பிளந்துவிடலாம். இதற்கென்றே டிரெயில் பாஸ் என்று ஒரு மருந்து வந்தது. வளையம் வளையமாக, பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். கேஸை நிறைத்துக்கொள்ளும், இரண்டு தடவை போட்டால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். வேகமான மருந்து அடியில் ஒரு சிட்டிகைதான் கிடக்கும் என்று சொன்னேனே, அதற்கு இது விதிவிலக்கு. ஆனால் அதைக் குண்டால் அழுத்தி நசுக்கக் கூடாது, வளையம் நொறுங்கினால் எரியும் வேகம் மாறி அழுத்தம் எகிறும். பஞ்சு மாதிரி இருக்கிறதே, அழுத்தி இன்னும் கொஞ்சம் போடலாம் என்று கை போகும், போகக் கூடாது. சில வருடமாக அங்கேயும் அது கிடைப்பது கஷ்டம். ஆகவே மகனிடம் சொல்லுங்கள்: குண்டு வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், மருந்து கம்பெனியின் அட்டவணையில் இருக்கும் ஆரம்ப அளவுக்குக் கீழே போகவே கூடாது. கரி குறைய வேண்டுமென்று மருந்தை இன்னும் குறைப்பது தலைகீழ் வைத்தியம். செம்பு உறை போட்ட குண்டில் அதைச் செய்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம்.

நின்றால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவன் நான். வடசென்னையில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் பல வருடம் ரிப்பேர் வேலை பார்த்தேன். தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர், சொந்தமாக லாரி வைத்திருந்தவர், ஒரு .32 கொண்டுவந்தார். குழலின் நடுவில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வீக்கம். உள்ளே குண்டின் மேல் குண்டு. முதலாவது சத்தம் குறைவாகப் போனதாம், இவர் ஏதோ என்று மறுபடி இழுத்திருக்கிறார். அவருக்கு அந்தத் தோட்டாவைக் கொடுத்ததும் ஒரு தரகர்தான். ஒரு கேஸைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது சாம்பல் நிறத்தில் பட்டாசு மருந்து. அதன் பொட்டாசிய உப்பு ஈரத்தை இழுக்கும், காசிமேட்டுக் காற்றில் இரண்டே நாளில் துருவாகும். சிலிண்டர் துளைகளெல்லாம் குழி குழியாக அரித்திருந்தது. அந்தத் துப்பாக்கியை என்னால் காப்பாற்ற முடியவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால்தான் கூடாது என்றேன். ஆயுதச் சட்டம் 1959, 5-ஆவது பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். உங்களிடம் இருப்பது துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ்தான், அது மருந்து போடும் அனுமதி ஆகாது. லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருடம், ஆயுள் வரைக்கும் போகலாம். தரகர் மாட்டினால் முதலில் கைகாட்டுவது உங்களைத்தான். ‘கடையில் தோட்டா விலை பாருங்கள் சார், நான் பாதிக்குத் தருகிறேன்’ என்பார். விலை அநியாயம் என்பது உண்மைதான். 1980-களின் நடுவில் சாதாரண ஆளுக்கு இறக்குமதியை நிறுத்தினார்கள், அப்புறம் .32-க்குப் பெரும்பாலும் அரசு ஆலைச் சரக்குதான் கதி. தேர்தல் என்றால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படை, தேர்தல் முடிந்ததும் போய் வாங்கு, உள்ளாட்சித் தேர்தல் என்றால் மறுபடி ஒப்படை. ஒழுங்காக லைசென்ஸ் எடுத்தவனை அலைய விடுகிற இந்த ஏற்பாடு தரகர்களுக்குத்தான் சோறு போடுகிறது. ஆனாலும் கடையில் ரசீதோடு, லைசென்ஸ் புத்தகத்தில் பதிந்து வாங்குங்கள். அப்பா காலத்துப் பழைய தோட்டா வீட்டில் கிடந்தால் சுடவும் வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம், லைசென்ஸ் உள்ள கடையிலோ ஸ்டேஷனிலோ கேட்டு எழுத்துமூலம் ஒப்படையுங்கள். காலி கேஸ்களையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. மகனைப் பார்க்க அடுத்த மாதம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். விசிட்டர் விசாவில் போகிறவர் அங்கே துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கச் சட்டப்படி பொதுவாகக் குற்றம், அதனால் மகன் மருந்து போடும் மேஜைப் பக்கம் உட்கார்ந்து கை கொடுக்க வேண்டாம். திரும்பும்போது மருந்து டப்பா, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), தோட்டா எதுவும் பெட்டியில் வரக்கூடாது. மகன் ஷூட்டிங் ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை உங்களுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். ஓரத்து ஜிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்தால்கூட மீனம்பாக்கத்தில் ஸ்கேனரில் தெரியும், மறந்துவிட்டேன் என்று சொல்லி அங்கிருந்து கிளம்ப முடியாது. புறப்படுவதற்கு முந்தின இரவு உங்கள் பெட்டியை நீங்களே காலி செய்து, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் துணியை அடுக்குங்கள்.