டாக்டரைக் கேளுங்கள்

கேள்வி: வயது 31. பேக்கரி அடுப்படியில் வேலை. கல்யாணமாகி 3 வருடம், குழந்தை இல்லை. என் மனைவியைத்தான் எல்லோரும் ஏசுகிறார்கள். எனக்கு எடுத்த டெஸ்ட்டில் விந்தணு மில்லிக்கு 90 லட்சம்தான். அவ்வளவுதானா, டாக்டர்?
- வாசகர், ஈரோடு

பதில்: இல்லை தம்பி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு 1.6 கோடி, அதற்குக் குறைந்தவர்களும் அப்பாவாகிறார்கள். ஒரே டெஸ்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். விதைப்பைக்கு உடம்புச் சூட்டைவிடக் குறைந்த சூடு வேண்டும். நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்பது அதற்கு ஆகாது. முதலாளியிடம் பேசி கவுன்டருக்கு மாறப் பாருங்கள். விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும் என்பதால் 3 மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள். அப்புறம், விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று சிறுநீரியல் மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) காட்டுங்கள். ரிசல்ட்டை வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள், இன்றைக்கே. அந்தப் பெண் 3 வருடமாக ஏச்சு வாங்குகிறாள்.