மேடு ஏறினால் முள்ளும் ஏறுகிறது: ஹெட்டைத் திறக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து வெருலத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பந்தல் கம்பி, நாற்காலி, சமையல் அண்டா எல்லாம் வாடகைக்கு விடுகிற தொழில். 2009 மாடல் பக்கி, 3.0 லிட்டர் டர்போ டீசல், 2,80,000 கிலோமீட்டர் ஓடியது. (தமிழ்நாட்டு வாசகர்கள் சிரிக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பக்கி என்றுதான் பெயர், யாரையும் திட்டவில்லை. கீழே வரும் ரோபோட் என்பது நம் ஊர் சிக்னல்தான்.)

"அண்ணே, குளிர்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. டிசம்பர் பிறந்ததும் சுமை ஏற்றிக்கொண்டு டர்பனிலிருந்து பீட்டர்மரிட்ஸ்பர்க் போனால், கீ ரிட்ஜ் மேட்டில் டெம்பரேச்சர் முள் முக்காலுக்குப் போய்விடுகிறது. இறக்கத்தில் தானாக இறங்கிவிடும். ஊருக்குள் ரோபோட்டில் ஏசி போட்டு நின்றால் முள் அசைவதில்லை. தண்ணீரும் குறையவில்லை. ஒரு கடையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார்கள், அப்படியும் சூடாகிறது. இப்போது ஹெட் கேஸ்கெட் என்கிறார்கள். தைப்பூசத்துக்குள் வண்டி வேண்டும். ஹெட்டைத் திறக்கச் சொல்லலாமா?"

வேண்டாம் தம்பி, இப்போதைக்குத் திறக்க வேண்டாம். (புதியவர்களுக்கு: ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடிப் பகுதி, அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு கேஸ்கெட். சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு தெர்மோஸ்டாட்.) நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. என்ன பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், எப்போது சூடாகிறது என்று கேட்க வேண்டும். ரோபோட்டில் நிற்கும்போது சூடாகி, ஓட ஆரம்பித்ததும் தணிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும். நிற்கும்போது சும்மா இருந்து, சுமையோடு மேடு ஏறும்போது மட்டும் சூடானால், எஞ்சின் கொட்டுகிற வெப்பத்தை ரேடியேட்டரால் முழுக்க வெளியேற்ற முடியவில்லை. உங்கள் வண்டி இரண்டாவது ரகம்.

குளிர்காலத்தில் ஏன் தெரியவில்லை? கணக்குப் போட்டால் புரியும். ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பது உள்ளே ஓடும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 95 டிகிரி, ஜூலைக் காலைக் காற்று 15 டிகிரி என்றால் வித்தியாசம் 80. ஜனவரி மத்தியானம் காற்று 35 டிகிரி, வித்தியாசம் 60. ரேடியேட்டரில் ஒரு குறையும் இல்லாமலே அதன் சக்தியில் கால் பங்கு போய்விடுகிறது. அதற்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியே விடும் பாகம்) வேறு காற்றைச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டர் ஏற்கெனவே கொஞ்சம் அடைத்திருந்தால் குளிர்காலம் அதை மறைத்துவிடும், கோடை காட்டிக்கொடுத்துவிடும்.

முள்ளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் முள், தண்ணீர் 80 டிகிரியில் இருந்தாலும் 100-ஐத் தொட்டாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் பதறக் கூடாதாம். அதனால் முள் நகர ஆரம்பித்தாலே சூடு எல்லை தாண்டிவிட்டது என்று வையுங்கள். முக்கால் வரை போனபின் 'இன்னும் சிவப்பு தொடவில்லையே' என்று ஏறிக்கொண்டே போகாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும் காலை நேரத்தில் பானெட்டைத் திறந்து, நல்ல டார்ச் ஒன்றை ரேடியேட்டருக்குப் பின்னால் பிடியுங்கள். முன்பக்கம் வந்து கிரில் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் சல்லடை போலத் தெரிய வேண்டும். திட்டுத் திட்டாக இருட்டாக இருந்தால் அங்கே காற்றும் போகாது. டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் ஓடிய ஒரு பக்கி என்னிடம் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருந்தது. கண்டென்சரை நகர்த்தியதும், அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம்: கரும்புச் சோகை, புல் விதை, மழைக்குப் பிறகு கிளம்புகிற ஈசலின் இறகு, எல்லாம் எண்ணெயில் ஊறி ஒட்டியிருந்தன. கையால் உரித்தபோது ஒரே துண்டாக வந்தது. அந்த வண்டிக்கும் முன்பு வாட்டர் பம்ப் மாற்றியிருந்தார்கள், பாவம்.

அடைப்பு இருந்தால் தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் உட்காரும். கார் கழுவுகிற பிரஷர் மெஷின் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். முன்னால் புல் பார் (பம்பருக்கு முன் மாட்டும் கம்பித் தடுப்பு) போட்டு, அதில் வட்ட விளக்குகளை வரிசையாக மாட்டியிருக்கிறீர்களா? இருந்தால் அவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அழகுதான், ஆனால் காற்று வரும் வழியில் நிற்கிறது.

வெளியே சுத்தமென்றால் உள்ளே பார்க்க வேண்டும். வெப்பநிலை அளக்கும் லேசர் துப்பாக்கி ஒன்று வாங்கிவிடுங்கள், இரவல் கிடைத்தாலும் சரி. ஓட்டிச் சூடாக்கிய வண்டியில் ரேடியேட்டர் முகத்தைக் கட்டம் கட்டமாக அளந்தால், தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று ஒரு பட்டை குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. ஃபேன் சுற்றும்போது கையும் சட்டையும் கிட்டே போகக் கூடாது. உள்ளடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி வந்தது, தெரியாமல் இரண்டு வகைக் கூலன்டை (ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) கலந்தது, அல்லது கசிவை அடைக்கப் போட்ட பவுடர். ஒரு தாத்தாவின் வண்டியில் ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியைத் திறந்தால் சாம்பார் மாதிரி மஞ்சள் சேறு. மஞ்சள்தூள் போட்டு ஓட்டையை அடைத்திருக்கிறார்! ஓட்டை அடைந்தது உண்மை. கூடவே மற்றதும் அடைந்துவிட்டது. 2,80,000 கிலோமீட்டருக்கு ரேடியேட்டரை மாற்றவே வேண்டியிருந்தாலும், ஹெட் வேலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

அடுத்து ஃபேன். ரோபோட்டில் சூடாகாததால் ஃபேன் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. சுமையோடு 50, 60-இல் மேடு ஏறும்போது எதிர்க்காற்று குறைவு, ஃபேனும் இழுத்தாக வேண்டும். உங்களுடையது விஸ்கஸ் கிளட்ச் ஃபேன் (சூடேறினால் மட்டும் கிளட்ச் இறுகி ஃபேனை வேகமாகச் சுற்றும் வகை) என்றால், சூடேறும்போது லாரி மாதிரி ஓர் இரைச்சல் கேட்க வேண்டும். மேட்டில் கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள். முள் ஏறியும் இரைச்சல் இல்லையென்றால் கிளட்ச் பிடிக்கவில்லை. எஞ்சினை நிறுத்திய பிறகு ஃபேனைக் கையால் சுண்டினால் பலமுறை சும்மா சுற்றுவதும், கிளட்ச் முகத்தில் எண்ணெய் வழிந்த கறை இருப்பதும் அதற்குச் சாட்சி.

கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறேன். என்னை எரிச்சலூட்டும் வைத்தியம் இது. பல எஞ்சின்களில் அதற்கு இரண்டு வேலை: சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே அசைவில் பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். எஞ்சினிலிருந்து வரும் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் எஞ்சினுக்கே திரும்பிவிடும். காலையில் வண்டி சூடேற நேரமாகும், மேட்டில் கொதிக்கும், இரண்டும் நடக்கும். முதலில் சரியான அளவு தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாமல் செய்கிற எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள், விலை அற்பம். அது குக்கர் வெயிட் மாதிரி. டர்பன் கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், மூடி 1 பார் அழுத்தம் பிடித்தால் 120 வரை தாங்கும். 1,750 மீட்டர் உயரத்து ஜோகன்னஸ்பர்க்கில் மூடி இல்லாவிட்டால் 94-லேயே கொதித்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு டர்பன்-ஜோகன்னஸ்பர்க் சாலையில் உயரத்தில் இருக்கும் வான் ரீனன் கணவாய் பக்கம் போகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும். கீழ் ஹோஸையும் கவனியுங்கள். எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் வைக்கும்போது அது உறிஞ்சப்பட்டுத் தட்டையானால், தண்ணீர் வரத்து நின்றுவிடும்.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போயிருந்தால் அடையாளம் காட்டும்: கசிவே தெரியாமல் தண்ணீர் குறையும், ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகும், ரிசர்வாயரில் (உபரித் தண்ணீர் நிற்கும் டப்பா) விடாமல் குமிழி வரும். உங்களுக்குத் தண்ணீரே குறையவில்லை. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை ஒன்று இருக்கிறது. புகை கலந்திருந்தால் நிறம் மாறும். வண்டியை மேட்டில் ஓட்டிச் சூடாக்கி, மூடி திறக்கும் அளவுக்கு ஆறவிட்டு, திரும்ப ஸ்டார்ட் செய்து அதைச் செய்யச் சொல்லுங்கள். நிறம் மாறினால் அப்புறம் ஹெட்டைப் பற்றிப் பேசலாம்.

தைப்பூசத்துக்குள் எல்லாம் முடியாவிட்டால் பாரத்தை இரண்டு நடையாகப் பிரித்து, விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புங்கள். மேட்டில் பெரிய கியரில் திணறவிடாமல் ஒரு கியர் குறையுங்கள். பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். முள் நகர்ந்ததும் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடுங்கள். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. ஆவி வந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். தெர்மோஸ்டாட் போட்டு, டார்ச் வைத்துப் பார்த்தபின் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள் தம்பி. லேசர் துப்பாக்கி காட்டிய எண்களையும் சேர்த்து அனுப்புங்கள்.