குறைப்பிரசவத்தைத் தடுக்க மாத்திரை உண்டா?

வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் முதல் குழந்தை 32 வாரங்களில் பிறந்து, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் இருந்து தேறியது. இப்போது மீண்டும் கருவுற்று 14 வாரங்கள் ஆகின்றன. மீன் எண்ணெய் மாத்திரை எடுத்துக்கொண்டால் இம்முறை குறைப்பிரசவம் ஆகாது என்று உடன் பணிபுரியும் தோழி ஒருவர் சொல்லி, ஒரு டப்பாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாப்பிடலாமா?

பதில்: தோழி சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தும் உண்மையன்று. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் நிகழும் பிரசவத்தையே குறைப்பிரசவம் என்கிறோம். உலகில் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. 1980களில், மீனை அதிகம் உண்ணும் ஃபரோ தீவுகளின் பெண்களுக்குக் கர்ப்பகாலம் சில நாள்கள் நீள்வதையும், பிறக்கும் குழந்தைகள் எடை கூடியிருப்பதையும் டென்மார்க் ஆய்வாளர்கள் கவனித்ததிலிருந்துதான் மீன் எண்ணெய் பற்றிய இந்தச் சிந்தனை தொடங்கியது. கருப்பை வாயை மென்மையாக்கிப் பிரசவ வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் ஒமேகா-6 கொழுப்பிலிருந்து உருவாகின்றன. மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அவ்விடத்தில் போட்டிக்கு வந்து அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்க்கும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2018ஆம் ஆண்டு, ஏறக்குறைய 20,000 பெண்கள் பங்கேற்ற 70 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஒமேகா-3 எடுத்துக்கொண்டவர்களிடம் 37 வாரங்களுக்கு முந்தைய பிரசவம் 13.4 சதவீதத்திலிருந்து 11.9 ஆகவும், 34 வாரங்களுக்கு முந்தையது 4.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆகவும் குறைந்திருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் அடுத்த ஆண்டே, ஆஸ்திரேலியாவில் 5,500க்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு வெளியாகி, மாத்திரை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் 34 வாரங்களுக்கு முந்தைய பிரசவத்தில் வேறுபாடு இல்லை என்று சொன்னது. முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. பிறகு, கர்ப்பத்தின் தொடக்கத்தில் அப்பெண்களின் ரத்தத்தில் ஒமேகா-3 எவ்வளவு இருந்தது என்பதைக் கொண்டு பிரித்துப் பார்த்தபோது விடை தெளிவானது. அளவு குறைவாக இருந்தவர்களுக்கு மாத்திரை பலன் தந்திருந்தது; ஏற்கெனவே போதுமான அளவு இருந்தவர்களுக்கோ, மேலும் கொடுத்ததால் குறைப்பிரசவ வாய்ப்பு கூடியிருந்தது. என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் வந்துள்ள எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்து நான் சொல்ல வேண்டிய செய்தி இந்த ஓர் ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே முதலில் நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது, வாரத்துக்கு எத்தனை முறை மீன் உண்கிறீர்கள் என்பது. இரண்டு மூன்று முறை உண்பவராக இருந்தால் அந்த டப்பாவை மூடி வைக்கலாம். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, சிறிய மீன்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். மீனே உண்பதில்லை, அல்லது எப்போதாவதுதான் என்றால், உங்கள் மருத்துவரிடம் கேட்டு, 20 வாரங்களுக்கு முன்பே தொடங்குவதில் பொருள் உண்டு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 1000 மில்லிகிராம் என்று இருக்கும். அது மொத்த எண்ணெயின் எடை. பின்பக்கத்தைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்தால், பல தயாரிப்புகளில் ஈ.பி.ஏ. 180 மில்லிகிராம், டி.எச்.ஏ. 120 மில்லிகிராம் என்று இருக்கும். இவை இரண்டுமே மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பின் வகைகள். நமக்கு வேண்டிய சத்து ஒரு குளிகையில் 300 மில்லிகிராம் மட்டுமே என்பது அதன் பொருள். ஆய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். காட் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயாக இருந்தால் தொடவே வேண்டாம்; அதில் வைட்டமின் ஏ மிகுதியாக இருக்கும், அது கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கர்ப்பகாலம் 42 வாரங்களைத் தாண்டுவதும் ஒமேகா-3 எடுத்தவர்களிடம் சற்றே கூடுதலாகக் காணப்பட்டது என்பதால், ஆஸ்திரேலிய ஆய்வில் 34ஆவது வாரத்தோடு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் விட, 32 வாரங்களில் ஒருமுறை பிரசவித்த உங்களுக்கு இப்போது தேவையானது வேறு. சிறுநீரில் அறிகுறியில்லாத கிருமித்தொற்று இருக்கிறதா என்ற பரிசோதனையும், 16 முதல் 24 வாரங்களுக்குள் கருப்பை வாயின் நீளத்தைப் பிறப்புறுப்பின் வழியே அளக்கும் ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். நீளம் குறைந்திருந்தால் புரோஜெஸ்டிரோன் மருந்தும், சிலருக்குக் கருப்பை வாயில் தையலும் பலனளிக்கின்றன. மீன் எண்ணெய் இவற்றுக்கு மாற்றாகாது. 37 வாரங்களுக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகுவதோ, நீர் கசிவதோ, ரத்தம் படுவதோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

கேள்வி: இரும்புச்சத்து, கால்சியம், ஃபோலிக் அமில மாத்திரைகள் மூன்றையும் இரவு உணவுக்குப் பின் ஒன்றாக விழுங்கிவிட்டு ஒரு குவளை தேநீர் குடித்துப் படுக்கிறேன். வயிறு மந்தமாக இருக்கிறது. கால்சியத்தையாவது நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இப்போது செய்வதில் இரும்புச்சத்தின் பெரும்பகுதி வீணாகிறது. கால்சியமும் இரும்பும் ஒரே நேரத்தில் குடலுக்குள் சென்றால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். தேநீரிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் மிச்சத்தையும் தடுக்கும். இரும்பு மாத்திரையை முற்பகலில், உணவுக்குச் சற்று இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பான பழச்சாற்றோடு எடுங்கள். குமட்டினால் உணவோடு எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் குறைவாக உறிஞ்சப்பட்டாலும் எடுக்காமல் விடுவதை விட மேல். கால்சியத்தை இரவு உணவோடு வைத்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

கால்சியம் குறைப்பிரசவத்தை எப்படித் தடுக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் வெளியேறும் பிரி-எக்லாம்ப்சியா என்ற நோய் முற்றும்போது, தாயின் உயிரைக் காக்க மருத்துவர்களே குழந்தையை முன்கூட்டி வெளியே எடுக்க நேர்கிறது, இதுவும் குறைப்பிரசவம்தான். உணவில் கால்சியம் குறைவாக உள்ள பெண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தால் இந்நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. அத்தகையவர்களுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது மூன்று நான்கு பெரிய மாத்திரைகள். விழுங்க முடியாமல் பாதியில் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களைக் கொண்டு நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், பிரி-எக்லாம்ப்சியாவைத் தடுப்பதில் 500 மில்லிகிராமும் 1500 மில்லிகிராமுக்குக் குறைந்ததாக இல்லை என்று தெரிந்தது. குறைப்பிரசவத்தைப் பொறுத்தவரை இந்தியாவில் அதே முடிவு கிடைத்தது. தான்சானியாவில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இங்கும் அட்டையின் எழுத்தைக் கவனியுங்கள். கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மில்லிகிராம்.

இரும்பின் முதல் வேலை ரத்தசோகையைத் தடுப்பது. முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அதை ரத்தசோகை என்கிறோம். கடுமையான ரத்தசோகை உள்ளவர்களிடம் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் அதிகம். நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் வழக்கமான அளவு. ஹீமோகுளோபின் சரியாக இருப்பவர், குழந்தைக்கு நல்லது என்று இரட்டிப்பாக எடுப்பதால் மலச்சிக்கலைத் தவிர வேறொன்றும் கூடுவதில்லை.

கேள்வி: என் மனைவி கருவுறும் முன்பே எடை குறைவானவர், உயரத்துக்கான எடைக் குறியீடு 17.5. குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிடுமோ என்ற அச்சத்தில், தினமும் இரண்டு வேளை புரதப் பொடி கலந்து கொடுக்கிறேன். இன்னும் கூட்டலாமா?

பதில்: உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. மெலிந்த உடலோடு கருவுறுவதும், அதன்பின் எடை ஏறாமல் போவதும் குறைப்பிரசவத்தோடு தொடர்புடையவைதான். ஆனால் தேர்ந்தெடுத்த வழிதான் சரியில்லை.

1970களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், வறுமையில் இருந்த கர்ப்பிணிகளுக்கு அடர்த்தியான புரத பானம் கொடுத்துப் பார்த்தார்கள். நல்லதே நடக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது: புரதம் மிகுந்த பானம் பெற்ற குழுவில், மிகவும் முன்கூட்டி நிகழ்ந்த பிரசவங்களும் அவற்றையொட்டிய சிசு மரணங்களும் கூடுதலாக இருந்தன. மாறாக, மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் மூன்றும் அளவோடு கலந்து, மொத்த ஆற்றலில் புரதத்தின் பங்கு 25 சதவீதத்துக்குள் அடங்கும் உணவைக் கூடுதலாகத் தரும்போது, ஊட்டக் குறைவுள்ள தாய்மார்களின் குழந்தைகள் எடை கூடிப் பிறக்கின்றன. அதனால்தான் புரதம் மட்டும் செறிந்த சத்துப் பொருள்களை உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை.

பொடியை நிறுத்திவிட்டு, மூன்று வேளை உணவுக்கு நடுவே இரண்டு சிறு வேளைகளைச் சேர்த்துவிடுங்கள். அவற்றில் தானியத்தோடு பருப்போ முட்டையோ பாலோ கொட்டைகளோ இருக்கட்டும், எண்ணெயைக் கண்டு பயப்பட வேண்டாம். அவருடைய எடைக் குறியீட்டுக்கு, கர்ப்பகாலம் முழுவதிலும் 12.5 முதல் 18 கிலோ வரை எடை கூடலாம். முதல் மூன்று மாதங்களுக்குப் பின் வாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் எழுந்ததும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று வாரங்கள் ஏறவில்லை என்றால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் சைவ உணவு மட்டுமே உண்பவள். ஆளி விதை சாப்பிட்டால் மீன் எண்ணெய்க்கு ஈடாகுமா? வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் ஆகியவற்றையும் தனித்தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: ஆளி விதையில் இருப்பது ஒமேகா-3இன் வேறொரு வடிவம்; அதை உடல் டி.எச்.ஏ.வாக மாற்றிக்கொள்ளும் அளவு மிகக் குறைவு. மீனுக்கே அந்தச் சத்து கடல்பாசியிலிருந்துதான் வருகிறது என்பதால், பாசியிலிருந்து நேரடியாக எடுத்த டி.எச்.ஏ. குளிகைகள் உங்களுக்கு ஏற்றவை. வைட்டமின் பி-12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாலை நன்றாகக் காய்ச்சியே குடியுங்கள். காய்ச்சாத பாலிலும் அதிலிருந்து செய்த பாலாடைக்கட்டியிலும் இருக்கக்கூடிய லிஸ்டீரியா கிருமி, தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து குறைப்பிரசவத்தில் முடியலாம்.

வைட்டமின் சி, ஈ தனியாக வேண்டாம். இரண்டையும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் குறைப்பிரசவமும் குறையவில்லை, பிரி-எக்லாம்ப்சியாவும் குறையவில்லை. துத்தநாகம் தனியாகக் கொடுத்தாலும் பெரிதாகப் பயன் இல்லை. உணவே பற்றாக்குறையாக உள்ள இடங்களில் கதை வேறு: 2014இல் வெளியான வங்கதேச ஆய்வில், 44,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளில் ஒரு பிரிவினருக்கு 15 நுண்சத்துகள் அடங்கிய ஒரே மாத்திரையும் மற்றவர்களுக்கு இரும்பு-ஃபோலிக் அமிலம் மட்டும் கொண்ட மாத்திரையும் கொடுத்தபோது, முதல் பிரிவில் குறைப்பிரசவம் 15 சதவீதம் குறைவாக இருந்தது. பலவகை உணவு கிடைக்காதவருக்கு அத்தகைய கூட்டு மாத்திரை நல்லது. அதையும் எடுத்து, அதிலுள்ளவற்றையே தனித்தனி டப்பாக்களாகவும் வாங்கினால் ஒரே சத்து இரண்டு மூன்று மடங்காகச் சேரும்.

கேள்வி: எல்லா மாத்திரைகளையும் தவறாமல் சாப்பிட்டும் 34 வாரங்களில் எனக்குக் குழந்தை பிறந்தது. இப்போது குழந்தைக்கு ஐந்து மாதம், நலமாக இருக்கிறது. நான் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அடுத்த குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: வீட்டில் சொல்வது தவறு. கிருமித்தொற்று, கருப்பை வாயின் நீளக் குறைவு, பனிக்குடம் முன்கூட்டி உடைதல், நஞ்சுக்கொடியின் கோளாறு எனக் காரணங்கள் பல. பலருக்கு எல்லாப் பரிசோதனைகளும் செய்த பிறகும் எதுவும் புலப்படுவதில்லை. உணவு அந்தத் துலாக்கோலில் ஒரு சிறு எடை மட்டுமே. சரியாக உண்டவருக்கும் குறைப்பிரசவம் ஆகிறது, பசியோடு இருந்தவர் நிறைமாதத்தில் பெற்றெடுப்பதையும் பார்க்கிறோம்.

அடுத்த கருவுக்கு அவசரப்பட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் 24 மாதங்களாவது இடைவெளி விட்டுக் கருவுறுவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு மாதங்களுக்குள் மீண்டும் கருவுற்றால் குறைப்பிரசவ வாய்ப்பு தெளிவாகவே கூடுகிறது. எனவே இந்த மாதமே கருத்தடை முறை பற்றிப் பேசுங்கள். திட்டமிடும்போது ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து, கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பாகவாவது 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்குங்கள். அது குறைப்பிரசவத்துக்காக அன்று. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிவிடும் என்பதால், பலருக்குக் கர்ப்பமே தெரியவருவதற்குள் அந்தச் சத்து உடலில் இருந்தாக வேண்டும்.

இன்னொன்று: வலி தானாகத் தொடங்கியதா, நீர்க்குடம் முதலில் உடைந்ததா, அல்லது ரத்த அழுத்தம் போன்ற காரணத்துக்காக மருத்துவர்களே முடிவெடுத்துப் பிரசவம் பார்த்தார்களா என்பதைப் பொறுத்து அடுத்த முறை தரும் சிகிச்சை முற்றிலும் மாறும். கருப்பை வாய்க்கான ஸ்கேனா, குறைந்த அளவு ஆஸ்பிரினா, கால்சியமா என்பதை உங்கள் மருத்துவர் அதைக் கொண்டுதான் தீர்மானிப்பார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தந்த சுருக்க அறிக்கையில் இது எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாள் தொலைந்திருந்தால், பதிவேடு கிடைக்கும் காலத்திலேயே நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.