ஈசிஜி நார்மல், ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது

கேள்வி: எனக்கு 36 வயது. நான்கு மாதங்களாக இரவில் படுத்ததும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு போதாதது போல இருக்கிறது. ஈசிஜி, எக்கோ, ரத்த சோதனை, தைராய்டு எல்லாம் இரண்டு முறை எடுத்தாயிற்று. எல்லாமே நார்மல். அடிக்கடி நாடி பிடித்துப் பார்க்கிறேன். மாடிப்படி ஏறவே பயம். வீட்டில் “எல்லாம் உன் கற்பனை” என்கிறார்கள். இன்னொரு முறை ஈசிஜி எடுக்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அதே தொந்தரவுதான், புதிதாக எதுவும் சேரவில்லை என்றால் மூன்றாவது ஈசிஜியும் அதையேதான் சொல்லும். நான்கு நாள் நிம்மதியாக இருப்பீர்கள், அப்புறம் சந்தேகம் திரும்பிவிடும்.

ஆனால் இது கற்பனை இல்லை. பயம் வந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கை வியர்க்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது. மூச்சு வேகமானால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால்தான் விரல் மரத்து, தலை லேசாகி, காற்றே போதாதது போலத் தோன்றுகிறது. பகலில் வேலையில் மறந்துபோவது, இரவு அமைதியில் பெரிதாகக் கேட்கிறது. இடப்பக்கமாகப் படுத்தால் துடிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். அதிலும் ஆபத்து இல்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இரண்டு வரிகளைத்தான்: நாடி பார்ப்பது, படி ஏறாமல் இருப்பது. பயம் அடங்கவிடாமல் தீனி போடுபவை இவைதான். நாடியில் விரல் வைத்ததும் கவனம் முழுக்க அங்கே போகிறது, பயம் கூடுகிறது, துடிப்பும் கூடுகிறது. படியைத் தவிர்த்தால், ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, உடற்பயிற்சி இல்லாத இதயம் சின்ன வேலைக்கே வேகமாகத் துடிக்கும்.

அதனால் நாளைக்கே ஒரு மாடி ஏறுங்கள். துடிப்பு கூடட்டும், மேலே நின்று, அது தானாக இறங்கும் வரை காத்திருங்கள், நாடியைத் தொடாமல். தினமும் செய்தால் சில வாரங்களில் பயம் குறையும். நாடி பார்ப்பதை ஒரேயடியாக விட முடியாவிட்டால், ஒரு நாளில் எத்தனை முறை என்று எண்ணி, வாரத்துக்கு வாரம் குறையுங்கள்.

படுக்கையில் படபடப்பு வந்தால் 4 விநாடி மூச்சை இழுத்து 6 விநாடி விடுங்கள், ஐந்து நிமிடம். கவலைகளைச் சாயங்காலமே 20 நிமிடம் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம். காபியின் காஃபீனில் பாதி 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், அதனால் மதியத்துக்கு மேல் வேண்டாம்.

நான்கு மாதம் என்பது நீண்ட காலம். மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தரும். மாத்திரை தேவைப்பட்டால், பொதுவாக முதலில் தரும், பதற்றத்தை மெதுவாகக் குறைக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை வேலை செய்ய சில வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். அல்பிரஸோலம் போன்ற, பதற்றத்தை உடனே அடக்கும் மாத்திரைகளை யாரோ கொடுத்தார்கள் என்று போட வேண்டாம். அவை சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும்.

நடக்கும்போது நெஞ்சு அழுத்தி வலித்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மயங்கி விழுந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினாலும் அப்படியே. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை: நான்கு மாதத்துக்கு முன் என்ன நடந்தது? நெருங்கிய ஒருவருக்கு மாரடைப்பு, வேலையில் நெருக்கடி, ஒரு இழப்பு என்று ஏதோ ஒன்றுக்குப் பிறகு இது தொடங்குவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது இருந்தால், ஆலோசகரிடம் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள்.