மருக்கள் இருக்கட்டும், கொப்புளத்தை இன்றே காட்டுங்கள்

கேள்வி: என் அண்ணனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்து நான்கு வருடம் ஆகிறது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசலோன் மூன்றும் சாப்பிடுகிறார். கைகளில் மருக்கள் பெருகிக்கொண்டே போகின்றன. நேற்றிலிருந்து இடது விலாப் பக்கம் எரிச்சலோடு கொப்புளங்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள்தானே காரணம்? கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: காரணம் பெரும்பாலும் அவைதான். ஆனாலும் நிறுத்த வேண்டாம். உடல் அந்தச் சிறுநீரகத்தையே நிராகரித்துவிடக்கூடும். அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ மாற்று சிகிச்சைக் குழுவின் முடிவு. தேவைப்பட்டால் அவர்களே செய்வார்கள்.

முதலில் கொப்புளம். ஒரே பக்கத்தில் பட்டை போல, எரிச்சலோடு வந்திருப்பதால் அக்கியாக இருக்க வாய்ப்பு அதிகம். சின்னம்மை வந்து போன பிறகும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருக்கும். அதை அடக்கி வைத்திருப்பவை டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள். உங்கள் அண்ணனின் மாத்திரைகள் அடக்குவதும் அதே டி செல்களைத்தான். அதனால் மற்றவர்களுக்கு ஒரு பட்டையோடு நிற்கும் அக்கி, இவரைப் போன்றவர்களுக்கு உடல் முழுக்கப் பரவலாம். நுரையீரல், கல்லீரல், மூளை வரைக்கும் போகலாம்.

வைரஸ் எதிர்ப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. அந்த நேரம் தாண்டிவிட்டாலும் இவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். வீட்டில் பழைய ஏசைக்ளோவிர் இருந்தால் அதை எடுத்துப் போடாதீர்கள். அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவைப் பார்க்காமல் கொடுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், ஆளுக்கே குழப்பம் வந்துவிடலாம். பட்டையைத் தாண்டி வேறு இடங்களில் கொப்புளம், மூக்கு நுனியில் கொப்புளம் (கண்ணும் பாதிக்கப்படும் என்பதற்கான எச்சரிக்கை), காய்ச்சல், மூச்சுத்திணறல், தடுமாற்றமான பேச்சு என்று எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுதான். அங்கே மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை மூடியே வையுங்கள். சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகில் வர வேண்டாம்.

சரி, மருக்கள். இவை பாப்பிலோமா வைரஸின் வேலை. சாலிசிலிக் அமிலம் தடவலாம், உறைய வைத்து எடுக்கலாம். ஆனால் எதிர்ப்பு சக்தி குறைவாக இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும், பொறுமை வேண்டும். பிளேடால் சீவுவதும் கிள்ளுவதும் பக்கத்துத் தோலுக்கும் பரப்பிவிடும். நான் கவலைப்படுவது எண்ணிக்கையைப் பற்றி அல்ல. வெயில் படும் புறங்கை, முகம், காது, உதடு போன்ற இடங்களில் ஒரு மரு மட்டும் வேகமாக வளர்ந்தாலோ, அடியில் தடித்தாலோ, வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, அதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்குச் செதிள் செல் தோல் புற்றுநோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், பார்க்க மரு மாதிரியே தொடங்கும். முழுக்கைச் சட்டையும் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் இவருக்கு மருந்து மாதிரிதான்.

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களின் தோலைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பெயர் வைப்பது ஆபத்து என்று சொல்வேன். பிட்டத்தில் மாதக்கணக்கில் ஆறாத புண்ணைப் படுக்கைப் புண் என்று நினைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள், சுரண்டி பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) செய்தால் ஹெர்பீஸ் வைரஸ் என்று வரும். எச்.ஐ.வி. முற்றியவர்களின் முகத்தில் நடுவில் குழி விழுந்த பருக்கள் வந்தால் மொலஸ்கம் என்ற வைரஸ் பரு என்று தோன்றும், ஆனால் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் அச்சாக அப்படித்தான் இருக்கும். ஊதா நிறத் திட்டு என்றால் கபோசி சர்கோமா என்ற புற்றுநோயையும் நினைக்க வேண்டும். அதற்குப் பின்னால் இருப்பது 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட எட்டாவது ஹெர்பீஸ் வைரஸ்.

அப்புறம், அக்கி ஆறியதும் அக்கித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசி இவருக்குக் கூடாது. இரண்டு தவணையாகப் போடும், உயிருள்ள வைரஸ் இல்லாத ரீகாம்பினன்ட் வகையைப் போடலாம். எப்போது என்பதை மாற்று சிகிச்சைக் குழு சொல்லும். இன்று போகும்போது மாத்திரைப் பட்டியலையும் கடைசியாக எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.