அடித்த பின் அழுகிறேன், டீச்சர்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்த சிறப்பாசிரியர் நான். பிள்ளைகளைவிட அவர்களுடைய தாய்மார்களிடம்தான் அதிகம் பேசியிருக்கிறேன். பழைய வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பீடி சுற்றித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒன்பது வயது மகன் நேற்று முறத்தைக் கவிழ்த்துவிட்டான். அடித்துவிட்டேன். இரவெல்லாம் அழுதேன். நான் பாவியா, டீச்சர்? (குடியாத்தம்)

இல்லை அம்மா. களைத்துப் போயிருக்கிறீர்கள். பிள்ளையின் அறிவுத்திறன் எவ்வளவு குறைவு என்பதைவிட, அவன் எறிவதும் கத்துவதும் தூங்காமலிருப்பதும்தான் தாயை அதிகம் வாட்டுகின்றன. ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. எனவே அவன் எப்போது கவிழ்க்கிறான் என்று கவனியுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில், அம்மா முறத்தை மடியில் வைத்துத் தலை குனிந்ததும் பையன் ஓடி வருவான். முறம் கவிழ்ந்தால்தானே அம்மா அவன் முகத்தைப் பார்ப்பாள்! அவனுக்கென்று ஒரு சின்ன முறத்தில் வேர்க்கடலையும், உரித்துப் போட ஒரு கிண்ணமும் வைத்தோம். நாலு கடலை உரித்ததும் அம்மா நிமிர்ந்து அவன் பெயரைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். முதல் வாரம் கடலையும் கவிழ்ந்தது. பிறகு மெல்லக் குறைந்தது. புகையிலைத் தூள் மட்டும் அவன் கைக்கு எட்டவே கூடாது.

என் வயிற்றில் பிறந்ததால்தான் இப்படி என்கிறார் மாமியார். (ராணிப்பேட்டை)

டவுன் நோய்க்குறியில் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. சிலருக்குப் பிரசவத்தில் மூச்சுத்திணறல். சிலருக்குப் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த மரபணு. இதில் உங்கள் குற்றம் எங்கே? அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிச் செல்லுங்கள். நீங்கள் சொன்னால் வாதம். டாக்டர் சொன்னால் காதில் ஏறும்.

தூக்கமில்லை, பசியில்லை. இரண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. (காட்பாடி)

தாயே, இதை இன்றே, இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். விடிந்ததும் துணையோடு மருத்துவமனைக்குப் போங்கள். இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; சிகிச்சையால் குணமாகும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் பிள்ளைக்கும் வழிகாட்டுவார்கள். ஆனால் முதலில் உங்களுக்காகப் போங்கள்.

மகளுக்குப் பதினேழு வயது. எனக்குப் பிறகு யார்? (ஆற்காடு)

பதினெட்டு முடிந்ததும், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் கேட்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இதற்கிடையில், மாதவிடாய்த் துணியை அவளே மாற்றப் பழக்குங்கள். எத்தனை மாதம் ஆனாலும் சரி.

நான் தந்தை, ஷூ கம்பெனியில் வேலை. மனைவி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். என்ன செய்யட்டும்? (ஆம்பூர்)

நீங்கள் கேட்டதே எனக்கு நிறைவு, தம்பி. உங்கள் மனைவி கடைசியாக எப்போது உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டார்? இன்றிலிருந்து இரவுச் சோற்றைப் பிள்ளைக்கு நீங்கள் ஊட்டுங்கள். துப்புவான், உங்கள் சட்டை பாழாகும். அப்போதும் அவரைக் கூப்பிடாதீர்கள்.