வேலையை விட்டுப் பல் மருத்துவமா? கேள்வி பதில்

நான் கோலாலம்பூரில் பல் டாக்டர். அதற்கு முன் மூன்று வருடம் லேப்பில் வேலை பார்த்தேன். அதனால்தான் பாதை மாறி விண்ணப்பிக்கிறவர்கள் என்னிடம் வருகிறார்கள் போல.

பாயான் லெப்பாஸிலிருந்து: அக்கா, சிப் தொழிற்சாலையில் நான்கு வருடமாக இன்ஜினியர். வயது 27. விண்ணப்பக் கட்டுரையின் வரைவை அனுப்பியிருக்கிறேன். வேலை பிடிக்கவில்லை என்ற உண்மையை எழுதலாமா?

வேண்டாம் தம்பி. அது அங்கிருந்து கிளம்பக் காரணம்; இங்கே வரக் காரணம் ஆகாது. வேலை பிடிக்காதவர் நாசி லெமாக் கடைகூட வைக்கலாமே! உங்கள் வரைவில் பழைய வேலைக்குப் பத்து வரி, பல்லுக்கு இரண்டே வரி. தலைகீழாக மாற்றுங்கள். "சிறு வயது முதலே பிறருக்கு உதவ ஆசை" என்பதை எடுத்துவிடுங்கள், அது எல்லாருடைய கட்டுரையிலும் இருக்கிறது.

ஆனால் நடுவில் ஒரு தங்கமான வரி ஒளிந்திருக்கிறது: மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து, முடியைவிட மெல்லிய, 25 மைக்ரான் தங்கக் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நீங்கள் பார்த்தது. பல்லின் எனாமல் மிகத் தடிமனான இடத்திலேயே சுமார் 2.5 மில்லிமீட்டர்தான். நுணுக்கமான வேலைக்குப் பழகிய கண் உங்களுடையது, அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஏதாவது ஒரு கிளினிக்கில் நாற்காலி பக்கத்தில் சில நாள் நின்று பாருங்கள். நான் முதல் தடவை நின்றபோது ஒரு பாட்டி பயத்தில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. டாக்டர் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, பேரன் எந்தப் பள்ளி என்று விசாரிக்க ஆரம்பித்தார். பத்து நிமிடம் கழித்துப் பாட்டி தானாக வாயைத் திறந்தார். என் கட்டுரை அந்த நாற்காலியில்தான் தொடங்கியது.

செந்தூலிலிருந்து: முன்பு படித்த டிகிரியில் ஒரு பாடம் ஃபெயில். சொல்லாமல் விடலாமா?

மதிப்பெண் பட்டியல் உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடும். என்ன நடந்தது, மறுபடி எழுதி என்ன வாங்கினீர்கள் என்று இரண்டு வரி போதும். சோகக் கதை வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் உயிரியல் எடுக்கவில்லை. நல்ல கட்டுரை எழுதினால் சரியாகுமா?

ஆகாது. முதலில் அந்தப் பாடத்தை எழுதித் தேறுங்கள்.

செராஸிலிருந்து: இங்கிலாந்துக்கும் போடுகிறேன். இதையெல்லாம் எங்கே நுழைப்பது?

அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூகாஸ் தளத்தில் 2026 சேர்க்கை முதல் ஒரே நீளக் கட்டுரை கிடையாது. மூன்று கேள்விகள், இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள். ஏன் இந்தப் படிப்பு என்ற முதல் கேள்வியில் பாதை மாறிய காரணம் வரட்டும். வேலை அனுபவத்துக்கு மூன்றாவது இருக்கிறது, இரண்டு இடத்திலும் ஒரே கதையைச் சொல்லாதீர்கள். பல் மருத்துவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, பெரும்பாலான மற்ற படிப்புகளைவிட முன்னதாகவே வந்துவிடும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு 28. படித்து முடிக்க 33 ஆகிவிடும். யார் பெண் கொடுப்பார்கள்?

பெண் விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது அம்மா! ஐந்து வருடப் படிப்பு, அப்புறம் கட்டாய அரசாங்கச் சேவை. அதுவரை செலவுக்கு என்ன வழி என்று நேர்முகத்தில் கேட்டால் மகன் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். முதலில் அவருடைய கார் லோன் எப்போது முடிகிறது என்று கேட்டு வையுங்கள்.